கார்மகெடானில் முதல் நாள்: நிறுவுவது, ஓட்டுவது, மோதுவது

கார்மகெடான் என்ற பழைய கார் மோதல் கேமைப் புதிதாகத் திறப்பவர்கள் தோற்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பந்தயம் என்று போட்டிருக்கிறதே என்று, கவுண்ட்டவுன் முடிந்ததும் ஆக்சிலரேட்டரை அழுத்தி, செக்பாயிண்ட் (வழியில் வரிசையாகத் தொடவேண்டிய இடம்) தேடி ஒழுங்காக ஓட்டுவார்கள். ஏதோ ஒரு திருப்பத்தில் வழி தவறும். திரும்பி வருவதற்குள் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டிருக்கும். அடுத்த முறை எப்படியோ எல்லாச் சுற்றும் முடித்துவிட்டாலும் தரவரிசை அரைமனதாகத்தான் நகர்ந்திருக்கும். இதற்கா இத்தனை பேர் குதித்தார்கள் என்று மூடிவைத்துவிடுவார்கள்.

இந்த கேமில் பந்தயம் ஒரு சாக்கு. உள்ளே ஓடுவது இரண்டு கணக்குகள்: ஒன்று நேரம், இன்னொன்று கிரெடிட், அதாவது கேமுக்குள் புழங்கும் காசு. இரண்டையும் கொண்டுவந்து கொட்டுவது மோதல்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். ஆனால் அதற்கு முன், டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக 1997-ல் வந்த ஒரு கேமை இன்றைய கணினியில் ஓடவைக்க வேண்டும். முதலில் அதை முடிப்போம்.

எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது?

பிரிட்டனின் வைட் தீவில் இயங்கும் ஸ்டெயின்லெஸ் நிறுவனம் உருவாக்கி, எஸ்சிஐ வெளியிட்ட கேம் இது. சாலையில் போகிற பாதசாரிகளை ஏற்றிக் கொன்றால் போனஸ் என்பதால் வந்த நாளிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. அங்கே முதலில் விற்ற பதிப்பில் மனிதர்களுக்குப் பதில் பச்சை ரத்தம் சிந்தும் ஜோம்பிகள். மேல்முறையீட்டில் வென்ற பிறகுதான் சிவப்பு ரத்தம் வந்தது. ஜெர்மன் பதிப்பில் பாதசாரிகள் எல்லாரும் ரோபோக்கள். பிரேசிலில் தடையே போட்டார்கள்.

இதை வரலாற்றுக்காகச் சொல்லவில்லை. பழைய சிடி வாங்குபவர்களுக்கு இது நடைமுறை விஷயம். பிரிட்டனிலிருந்து வந்த பழைய பெட்டியில் ஜோம்பி பதிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆட்டத்தின் விதிகளில் வித்தியாசம் இல்லை, தோற்றத்தில்தான். வீட்டில் சிறுவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஜோம்பி பதிப்பே தேவலாம் என்று நினைக்கத் தோன்றும். வேண்டாம். இது எந்த நிறத்தில் வந்தாலும் பெரியவர்களுக்கான கேம்தான்.

சிடி இல்லாதவர்களுக்குச் சுலபமான வழி, ஜிஓஜி அல்லது ஸ்டீம் என்ற இணையக் கடைகளில் கார்மகெடான் மேக்ஸ் பேக் வாங்குவது. மூல கேமும் ஸ்பிளாட் பேக் என்ற கூடுதல் தொகுப்பும் இதில் சேர்ந்தே வரும், டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளும் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கும். வாங்கி, இறக்கி, ஐகானைத் தட்டினால் போதும். அப்படி வாங்கியவர்கள் கீழே உள்ள சிடி பகுதியைத் தாண்டி, படம், வேகம் பற்றிய பகுதிக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. கார்மகெடான் 2 (1998), டிடிஆர் 2000 (2000) என்று பின்னால் வந்தவையும் ஒரே பெயரில் விற்கின்றன. அவற்றை இயக்கும் முறையே வேறு. இங்கே சொல்வது முதல் கேமுக்கு மட்டும்.

சிடியிலிருந்து நிறுவ

64 பிட் விண்டோஸ் டாஸ் நிரல்களை நேரடியாக ஓட்டாது, அதற்கான பகுதியே அதில் கிடையாது. சிடியைப் போட்டு இருமுறை தட்டிப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம். டாஸ்பாக்ஸ் தேவை. அசல் டாஸ்பாக்ஸ், டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என மூன்று வகை இருக்கின்றன. புதியவர்களுக்கு ஸ்டேஜிங் நல்லது, கையால் மாற்றவேண்டிய அமைப்புகள் அதில் குறைவு.

முதல் வேலை, சிடியைப் படமெடுத்து வைப்பது, அதாவது முழு சிடியையும் கணினியில் கோப்பாக நகலெடுப்பது. இங்கேதான் பாதிப்பேர் சறுக்குகிறார்கள். கார்மகெடான் சிடியில் முதல் தடத்தில் கேமின் கோப்புகள் இருக்கும், அதற்குப் பின்னால் சாதாரண பாட்டு சிடியில் இருப்பதுபோல ஒலித்தடங்கள் இருக்கும். கேமில் கேட்கும் ஃபியர் ஃபேக்டரி குழுவின் கித்தார் இசை அந்தத் தடங்களிலிருந்துதான் வருகிறது. ஐஎஸ்ஓ வடிவத்தில் படமெடுத்தால் முதல் தடம் மட்டும்தான் பதிவாகும். கேம் ஓடும், எஞ்சின் சத்தம் கேட்கும், இசை மட்டும் வராது. சவுண்ட் கார்டு அமைப்பில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அதை நோண்டுவார்கள். பின் (BIN), கியூ (CUE) என்ற இரட்டைக் கோப்பு வடிவத்தில் படமெடுங்கள். பின் கோப்பில் தரவு இருக்கும், கியூ கோப்பில் எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் இருக்கும். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்கவேண்டும். பின் கோப்பின் பெயரை மாற்றினால் கியூ கோப்பை நோட்பேடில் திறந்து அங்கேயும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கியூவுக்குத் தன் ஜோடி கிடைக்காது.

அடுத்து, கணினியில் ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, டாஸ்பாக்ஸின் மவுண்ட் கட்டளையால் அதை சி டிரைவாகக் காட்டுங்கள். இம்ஜ்மவுண்ட் (imgmount) கட்டளையால் கியூ கோப்பை டி டிரைவாகக் காட்டுங்கள். பின் கோப்பை அல்ல, கியூ கோப்பைத்தான் கொடுக்கவேண்டும். டி டிரைவுக்குப் போய் நிறுவு நிரலை ஓட்டுங்கள். வட்டில் இடமில்லை என்று அது முரண்டுபிடிக்கலாம்: உங்கள் வட்டில் எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் சரி, அசல் டாஸ்பாக்ஸ் ஏறக்குறைய 250 எம்பிதான் காலி என்று பழைய நிரல்களுக்குச் சொல்லும். மவுண்ட் கட்டளையின் கடைசியில் ஃப்ரீசைஸ் (-freesize) என்ற விருப்பத்தைச் சேர்த்து 500 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

ஒலி அமைப்பில் சவுண்ட் பிளாஸ்டர் 16-ஐத் தேர்ந்தெடுங்கள். முகவரி 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1. டாஸ்பாக்ஸ் இயல்பாக நடிப்பது இந்த எண்களில்தான். பழைய கையேடுகளில் ஐஆர்கியூ 5 என்று இருப்பதைப் பார்த்து மாற்றினால் ஒலி நின்றுவிடும், சில சமயம் கேமே உறைந்துவிடும்.

நிறுவிய பின்னும் டி டிரைவ் இருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டளை தட்டுவது தொல்லை, ஆகவே டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் கடைசியாக இருக்கும் ஆட்டோஎக்ஸெக் பகுதியில் இந்த இரண்டு மவுண்ட் வரிகளையும் எழுதிவைத்துவிடுங்கள்.

படமும் வேகமும்

வெறுமனே கார்மா என்ற நிரலை ஓட்டினால் 320க்கு 200 என்ற அளவில் படம் வரும். நிரலின் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, ஹைரெஸ் (hires) என்று சேர்த்துத் தட்டினால் 640க்கு 480. புள்ளிகளின் எண்ணிக்கை 64,000-லிருந்து 3,07,200 ஆகிறது, அதாவது 4.8 மடங்கு. அத்தனையையும் வரைவது பாவனை செய்யப்பட்ட ஒரு பழைய பிராசசர். அதனால் ஹைரெஸில் கேம் திக்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சைக்கிள்ஸ் அமைப்பை மேக்ஸ் என்று வையுங்கள், கோர் அமைப்பை டைனமிக் என்று வையுங்கள். அப்படியும் ஒலி கரகரவென்று வெட்டுப்பட்டால், டாஸ்பாக்ஸ் கேட்கும் வேலையை உங்கள் கணினியால் முடிக்க இயலவில்லை என்று பொருள். அப்போது சைக்கிளை ஏற்றக்கூடாது, குறைக்கவேண்டும். கன்ட்ரோல் விசையுடன் எஃப்11 குறைக்கும், எஃப்12 ஏற்றும். ஒலி சீராகும்வரை எஃப்11-ஐத் தட்டி, ஜன்னலின் தலைப்பில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு அமைப்புக் கோப்பில் நிலையாகப் போட்டுவிடுங்கள். 'மெதுவாக ஓடுகிறது' என்று இன்னும் ஏற்றிக்கொண்டே போவதுதான் வழக்கமான பிழை.

சிறிய அளவிலேயே ஆடுபவர்கள் ஆஸ்பெக்ட் அமைப்பை ஆன் செய்யுங்கள். 320க்கு 200 என்பது பழைய நாலுக்கு மூன்று திரையை முழுதாக நிரப்பும்படி வரையப்பட்டது. திருத்தம் இல்லாமல் பார்த்தால் உயரம் ஆறில் ஒரு பங்கு குறையும், கார்கள் எல்லாம் மேலே யாரோ உட்கார்ந்ததுபோல் நசுங்கித் தெரியும். மோதி நசுங்கியது எது, திரை நசுக்கியது எது என்று பிரிக்கமுடியாது.

ஸ்பிளாட் பேக்குடன் அந்தக் காலத்து வூடூ 3டி கிராஃபிக்ஸ் கார்டுக்கான நிரலும் வந்தது. அதில் படம் வழவழப்பாக இருக்கும். டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கின் புதிய பதிப்பிலும் டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் வூடூ கார்டின் பாவனை இருக்கிறது, அசல் டாஸ்பாக்ஸில் இல்லை. ரசனை சார்ந்த விஷயம் இது: முரட்டுப் புள்ளிகள் தெரியும் ஹைரெஸ் படமே கார்மகெடானுக்குப் பொருத்தம் என்பது எங்கள் கட்சி.

டாஸ்பாக்ஸே வேண்டாம் என்பவர்களுக்கு டெத்ரேஸ் என்ற திறந்த மூலத் திட்டம் இருக்கிறது. ஸ்பிளாட் பேக் சிடியில் உருவாக்குநர்கள் தவறுதலாக விட்டுவிட்ட பிழைதிருத்தக் கோப்பு ஒன்றில் நிரலின் உள்ளுறுப்புகளின் பெயர்களெல்லாம் இருந்தன. அதை வைத்து முழு கேமையும் மறுபடி எழுதியிருக்கிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கேமின் படங்களும் பந்தயத் தடங்களும் அதில் வராது. கேம் நிறுவிய ஃபோல்டரில், டேட்டா என்ற உள்ஃபோல்டர் இருக்கும் இடத்தில் டெத்ரேஸ் நிரலைப் போட்டு ஓட்டவேண்டும். டேட்டா ஃபோல்டருக்கு உள்ளே போட்டுவிட்டுத் திறக்கவில்லையே என்று தவிப்பவர்கள் உண்டு. வெளியே, அதன் பக்கத்தில்.

விசைகள்

ஓட்டுவதற்கு நம்பர் பேட் என்பது இயல்பான அமைப்பு. லேப்டாப்பில் நம்பர் பேட் இல்லையென்றால் ஆப்ஷன்ஸ் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது கன்ட்ரோல் விசையைத் தொடாதீர்கள். கன்ட்ரோலுடன் எஃப்9 சேர்ந்தால் டாஸ்பாக்ஸ் கேள்வி கேட்காமல் மூடிவிடும். மலிவான விசைப்பலகைகளில் மூன்று விசைகளை ஒருசேர அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. முன்னே போ, இடது, ஹேண்ட் பிரேக் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறதா என்று நின்ற இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். இல்லையென்றால் வேறு விசைகளுக்கு மாறுங்கள். இதைச் சோதிக்காமல் 'கார் திரும்பவே மாட்டேன் என்கிறது' என்று கேமைத் திட்டுபவர்கள் ஏராளம்.

மனப்பாடம் ஆகவேண்டியவை நான்கு. ஸ்பேஸ் ஹேண்ட் பிரேக். டேப் வரைபடம். பேக்ஸ்பேஸ் காரைப் பழுதுபார்க்கும். இன்சர்ட் கவிழ்ந்த அல்லது மாட்டிக்கொண்ட காரைத் தூக்கி நிறுத்தும். கடைசி இரண்டுக்கும் கிரெடிட் செலவாகும்.

மூன்று வழிகளில் ஜெயிக்கலாம்

ஒரு பந்தயத்தில் உங்களுடன் ஐந்து எதிரிகள். எல்லாச் செக்பாயிண்ட்களையும் வரிசையாகத் தொட்டு சுற்றுகளை முடித்தால் வெற்றி. ஐந்து எதிரிகளையும் உருப்படாமல் நொறுக்கினாலும் வெற்றி. தடத்தில் உள்ள கடைசிப் பாதசாரி வரை தீர்த்தாலும் வெற்றி, ஆனால் தடங்கள் பெரியவை, பாதசாரிகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். புதியவர்கள் அந்த மூன்றாவதை மறந்துவிடலாம்.

நீங்கள் 99-ஆம் இடத்தில் தொடங்கி 1-ஐ நோக்கி ஏறவேண்டும். பந்தயம் முடிந்ததும் வரும் கணக்குத் திரையைக் கவனமாகப் பாருங்கள். தரவரிசை எத்தனை படி ஏறும் என்பது அந்தப் பந்தயத்தில் சம்பாதித்த கிரெடிட்டைப் பொறுத்தது. முதலாவதாக வந்துவிட்டேன் என்பதில் பெருமை மட்டும்தான். ஒரு மோதலும் இல்லாமல் சுற்றுகளை முடித்தவர் பட்டியலில் ஊர்ந்து போவது இதனால்தான்.

ஆகவே முதல் பந்தயத்திற்கு இப்படி ஒரு திட்டம் வையுங்கள்.

தொடங்கியதும் செக்பாயிண்டைத் தேடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் காரைப் பாருங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும் ஒரே தருணம் தொடக்கக் கோடுதான். அதன் பிறகு ஆளுக்கொரு மூலையில் போய்விடுவார்கள். எதிரிக்குச் சேதம் விளைவித்த ஒவ்வொரு முறையும் கிரெடிட்டும் நேரமும் சேர்வது திரையில் தெரியும். முதல் அரை நிமிடத்தில் நாலைந்து நல்ல அடி போட்டால் கடிகாரத்தைப் பற்றிய பயம் போய்விடும்.

பிறகு முதல் சுற்றை நிதானமாக ஓட்டி வழியைப் படித்துக்கொள்ளுங்கள். டேப் தட்டி வரைபடத்தைப் பார்க்கும்போது காரை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சாலை என்பது இங்கே ஆலோசனை மட்டும்தான். மேடு, சந்து, வயல், கூரை எதில் வேண்டுமானாலும் போகலாம். செக்பாயிண்ட் வரிசை மட்டும் மாறக்கூடாது.

அடுத்ததுதான் முக்கியம்: கடைசிச் சுற்றின் கடைசிச் செக்பாயிண்டைத் தொடாதீர்கள். தொட்ட கணமே பந்தயம் முடிந்துவிடும், பிறகு சம்பாதிக்க முடியாது. அதை ஒன்று மட்டும் மிச்சம் வைத்துவிட்டு வேட்டைக்குப் போங்கள். ஐந்து பேரையும் முடித்தால் நல்லது. முடியவில்லை, நேரம் குறைகிறது என்றால் மிச்சம் வைத்த செக்பாயிண்டை நோக்கி ஓடி வெற்றியை எடுத்துக்கொள்ளலாம். அது உங்கள் காப்பீடு. மீதமிருக்கும் நேரத்துக்கும் கடைசியில் போனஸ் உண்டு, ஆகவே பூஜ்யத்துக்குப் பத்து விநாடி இருக்கும்வரை இழுக்கவும் வேண்டாம். செக்பாயிண்டிலிருந்து வெகுதூரம் போய்விட்டுத் திரும்ப நேரமில்லாமல் தோற்பது, திட்டம் தெரிந்த பிறகும் நடக்கிற தவறு.

மோதும் கலை

சேதம் என்பது இரண்டு கார்களும் எவ்வளவு வேகத்தில் சந்திக்கின்றன என்பதையும், யார் எடை அதிகம் என்பதையும் பொறுத்தது. நேருக்கு நேர் மோதினால் எதிரிக்கு விழுகிற அதே அடி உங்கள் எஞ்சினுக்கும் விழும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், பர்ஸுக்கு ஆகாது. உங்கள் மூக்கு அவன் விலாவில் படவேண்டும். அவன் நேராக ஓடிக்கொண்டிருக்கிறான், நீங்கள் குறுக்கே வருகிறீர்கள் என்ற கோணம் உத்தமம். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் அடித்தால் அவன் சுழன்று நின்றுவிடுவான். இரண்டாவது அடி இலவசம்.

அதைவிட நல்லது சுவர். எதிரியைச் சுவரோரமாகத் தள்ளி நடுவில் வைத்து நசுக்கினால், அடியின் வேகம் அவனை நகர்த்துவதில் வீணாகாமல் முழுக்க உடம்பில் இறங்கும். ஆக்சிலரேட்டரை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் பயனில்லை, உரசல் சத்தம்தான் வரும். பத்து மீட்டர் பின்னால் வந்து, மறுபடி வேகமெடுத்து அடியுங்கள். பின்னால் வா, அடி, பின்னால் வா, அடி. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சொன்னவர் இந்த கேமை ஆடியிருக்கமாட்டார், ஆனால் விதி அதுதான்.

ஓடும் எதிரியைத் துரத்துவதில் நேரம் வீணாகும். அவன் முன்னே போகிறான், நீங்கள் பின்னே போகிறீர்கள். வேக வித்தியாசம் குறைவு, அடி விழுந்தாலும் வலிக்காது. அவன் வரும் பாதையில் காத்திருந்து குறுக்கே பாயுங்கள். பெரும்பாலான எதிரிகள் உங்களைத் தேடி அவர்களாகவே வருவார்கள். நின்றுகொண்டு, முகத்தை அவர்கள் வரும் திசைக்குத் திருப்பி, கடைசி நொடியில் ஒதுங்கிப் பின்பக்கத்தில் இடிக்கப் பழகுங்கள்.

திரும்புவதற்கு ஹேண்ட் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள், ஒரு தட்டுத் தட்டுங்கள். நடுத்தர வேகத்தில் ஸ்டியரிங்கை வளைத்து, ஸ்பேஸைச் சட்டென்று தட்டி, பின்பக்கம் சறுக்க ஆரம்பித்ததும் எதிர்ப்பக்கம் வளைத்தால் கார் அரைவட்டம் அடித்துத் திரும்பி நிற்கும். முழு வேகத்தில் இதைச் செய்தால் உருளும். உருண்டால் இன்சர்ட், இன்சர்ட் என்றால் காசு. அவசரப்படாமல் ஒரு விநாடி பாருங்கள், பல சமயம் கார் தானாகவே சக்கரத்தில் வந்து விழும்.

டிங்கரிங் செலவு

கார் உண்மையாகவே நசுங்கும். பானெட் மடங்கும், மூலை உள்ளே போகும். இன்று சாதாரணமாகத் தெரியலாம், 1997-ல் ஓட்டத்தின் நடுவிலேயே உடம்பு இப்படி வளைவது பெரிய விஷயம். வளைந்த உடம்பு அழகுக்குறைவு மட்டும்தான். கவலைப்படவேண்டியது உறுப்புகளைப் பற்றி. ஸ்டியரிங் பழுதானால் கார் ஒரு பக்கமாக இழுக்கும், எஞ்சின் பழுதானால் மேடு ஏறாது. திரையில் காட்டும் சேதக் குறிகளைப் பார்த்து இந்த இரண்டில் ஒன்று மோசமானால் பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். கீறலுக்கெல்லாம் தட்டிக்கொண்டிருந்தால் சம்பாதித்தது பட்டறைக்கே போய்விடும். தட்டவே மாட்டேன் என்று கஞ்சத்தனம் பிடித்தாலும், திரும்ப முடியாத காரால் நேரத்தை இழப்பீர்கள். ஒரு எதிரியை முடித்துவிட்டு அடுத்தவனைத் தேடிப் போகும் வழியில் பழுதுபார்ப்பது சரியான தருணம்.

பீப்பாய்கள்

தடமெங்கும் சிதறிக் கிடக்கும் பீப்பாய்களில் ஏறினால் ஏதாவது கிடைக்கும், அல்லது ஏதாவது தலையில் விழும். சாலிட் கிரானைட் கார் கிடைத்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே எதிரியைத் தேடுங்கள். உங்கள் எடை கருங்கல்லாகிவிடும், அது இருக்கும் சில விநாடிகளில் ஒரே அடியில் ஆளை முடிக்கலாம். இலவசப் பழுதுபார்ப்பு கிடைத்தால் நேருக்கு நேர் மோதலுக்கு இதுவே நேரம். பின்பால் மோட் பட்டவுடன் தொட்டதெல்லாம் உங்களைத் தூக்கி எறியும். வேகத்தைக் குறைத்து அது தீரும்வரை திறந்தவெளியில் இருங்கள். இன்ஸ்டன்ட் ஹேண்ட் பிரேக் பீப்பாய் அப்படியே நிறுத்திவிடும், அதில் தப்பிக்க வழியில்லை, சிரித்துக்கொள்ளலாம்.

போலீஸ் கார்களை ஆரம்பத்தில் சீண்டாதீர்கள். நல்ல எடை, விடாமல் துரத்துவார்கள். சப்ரெஸர் என்ற கவச வண்டி வந்துவிட்டால் தொடக்க நிலைக் காரில் நின்று சண்டை போடுவது தற்கொலை.

கடையில் எதை வாங்குவது

பந்தயங்களுக்கு இடையே பாகங்கள் கடையில் கவசம், பவர், தாக்கும் வலு என்று மூன்று வகை மேம்பாடு விற்பனைக்கு இருக்கும். எல்லாருக்கும் கை பவருக்குத்தான் போகும். வேகமாகப் போனால் வேகமாகத்தான் சுவரில் மோதுவீர்கள், பழுதுச் செலவு ஏறும். முதலில் கவசம் வாங்குங்கள்: அது ஒவ்வொரு மோதலிலும் பேக்ஸ்பேஸ் செலவைக் குறைத்துத் தன் விலையைத் தானே திருப்பித் தரும். அடுத்து தாக்கும் வலு. பவர் மூன்றாவது, எதிரிகள் தப்பி ஓடுவதாகத் தோன்ற ஆரம்பித்த பிறகு. கையில் இருப்பதை முழுக்கக் கடையில் கொட்டிவிடாமல், அடுத்த பந்தயத்தின் முதல் நிமிடப் பழுதுக்காகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் முன் சேமியுங்கள். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் வெவ்வேறு இடத்தில் சேமித்தால், காசை வீணடித்த பந்தயத்திலிருந்து பின்வாங்க வழி இருக்கும்.

நொறுக்கிய எதிரியின் காரைப் பந்தயம் முடிந்ததும் திருடிக்கொள்ளும் வாய்ப்பு சில சமயம் வரும். கனமான கார் கிடைத்தால் ஆசையாக இருக்கும். எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே முடித்த எளிய தடம் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். கனமான வண்டி மோதலில் ராஜா, திருப்பத்தில் எருமை. ஆட்டத்தின் நாயகன் மேக்ஸ் டேமேஜ் ஓட்டும் சிவப்பு ஈகிள் கார் எல்லாவற்றிலும் நடுத்தரம், ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள அதுவே வசதி.

மூல கேமில் 36 தடங்கள். அவற்றில் பாதியாவது போன பிறகு ஸ்பிளாட் பேக்கைத் திறங்கள். அதன் எதிரிகள் முதல் பந்தயத்திலிருந்தே புதியவர்களிடம் இரக்கம் காட்டுவதில்லை.

நண்பர்களுடன்

ஐபிஎக்ஸ் (IPX) என்ற பழைய வலையமைப்பு முறையில் பலர் சேர்ந்து ஆடலாம். அமைப்புக் கோப்பில் ஐபிஎக்ஸை ட்ரூ என்று மாற்றி, ஒருவர் டாஸ்பாக்ஸில் ஐபிஎக்ஸ்நெட் ஸ்டார்ட்சர்வர் (ipxnet startserver) என்ற கட்டளையைத் தட்டவேண்டும். மற்றவர்கள் ஐபிஎக்ஸ்நெட் கனெக்ட் என்று தட்டி அவருடைய முகவரியைக் கொடுக்கவேண்டும். பிறகே கேமைத் தொடங்கவேண்டும். கேம் உள்ளே போன பின் கட்டளை தட்ட வழியில்லை. இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் சர்வர் கணினியின் ஃபயர்வால் யூடிபி 213 என்ற போர்ட்டை அடைத்திருக்கும். வெவ்வேறு வீடுகளிலிருந்து இணைபவர்கள் ரவுட்டரிலும் அதே எண்ணைத் திறந்துவிடவேண்டும். எல்லாரும் ஒரே பதிப்பை வைத்திருக்கவேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வேட்டையாடுபவர்களும் நரியும் என்ற வகையில் முதலில் ஆடிப் பாருங்கள், வரைபடம் தெரியாதவருக்கும் அதில் ஐந்து நிமிடத்தில் என்ன செய்யவேண்டும் என்று புரிந்துவிடும்.